காட்டுக்கருணை பூத்தது

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள். கோடை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து ஓய்ந்திருந்தது. குற்றாலத்துச் சாரல், இதோ வந்தேன், அதோ வந்தேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் கடைசி மணி நேரம். நான் கரும்பலகையில் ஒரு செம்பருத்தியை வரைந்து வைத்து, புல்லி, அல்லி, மகரந்தம், சூலகம் என்று பூவின் உறுப்புக்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பூ என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?" என்று கேட்டேன். "வாசனை, சார்!" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். அந்த நிமிஷத்தில்தான் ஜன்னல் வழியாக அது உள்ளே வந்தது.

செத்த எலியின் நாற்றம் என்று முதலில் நினைத்தோம். எலியாக இருந்தால் இவ்வளவு வீரியம் இராது, பெருச்சாளியாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு பையன் திருத்தினான். பியூனும் நானும் நாலைந்து பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு அலமாரிகளுக்குப் பின்னால் தேடினோம். ஓட்டின்மேல் ஒருவனை ஏற்றிப் பார்த்தோம். கடைசியில், விஞ்ஞான சாலைக்குப் பின்புறம் கிளுவை வேலியின் அடியில், பழைய செங்கற்குவியலின் நடுவே, தரையோடு தரையாக ஒரு விநோதமான பொருள் உட்கார்ந்திருப்பதைக் கண்டோம்.

ஒன்றரை அடி அகலத்தில், ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்தாற்போல் நெளிந்த ஒரு மடல். பசுமையும் பழுப்பும் கலந்த அதன் நிறம் உட்புறத்தில் கறுத்த சிவப்பாக மாறிச் சென்றது. மடலின் நடுவில், மூளையைப்போல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, ஈரலின் நிறத்தில் ஒரு பெரிய முண்டு. இலை ஒன்றுகூடக் கிடையாது. காம்பும் இருப்பதாகத் தெரியவில்லை. யாரோ இறைச்சிக் கடையிலிருந்து கொண்டுவந்து மண்ணில் பதித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அதன் உள்ளே சிறு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

அதன் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்தபோது ஸ்பிரிட்டில் ஊறிய ஒன்றைக் கண்ணாடிச் சாடியில் பார்த்திருக்கிறேன்; பரீட்சையில் படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சாடியிலிருந்ததற்கு மணம் கிடையாது. தரையிலிருந்ததை உடனே இனங்காண எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் வாந்தியெடுக்கப் போகிறார்கள் என்ற பதற்றத்தில், "வெட்டி எறியப்பா" என்று பியூனிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியால் இரண்டு போடு போட்டார். பூ துண்டு துண்டாகிச் சாக்கடைக்குப் போயிற்று. அரைமணி நேரத்தில் அவருடைய கைகள் இரண்டும் அரிக்கத் தொடங்கின. தேங்காயெண்ணெய் தடவினோம், கேட்கவில்லை.

மறுநாள் காலை, கூடையில் கீரையும் கிழங்கும் சுமந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வரும் ஆச்சியிடம் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆச்சி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாத்தியாரையா, அது காட்டுக்கருணையில்லா? ரெண்டு நாள் பொறுத்திருந்தா நாத்தம் தானா அடங்கியிருக்குமே. அதுக்குள்ள வெட்டிப் போட்டியளே!"

பியூனின் கைக்குப் புளியைக் கரைத்துத் தேய்க்கச் சொன்னாள். அது கேட்டது.

செம்பருத்தியைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, உயிருள்ள பூவைச் சாக்கடையில் எறியச் சொன்ன உபாத்தியாயரைப் பற்றி ஆச்சி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் இந்த ஓராண்டுக் காலமாக அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேயர்களுக்குச் சேனைக்கிழங்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கலியாண விருந்தில் வறுவலாகவும் மலையாளத்து அவியலில் துண்டமாகவும் அதைக் கண்டிருப்பீர்கள். வேலியோரத்தில் பூத்தது அதன் காட்டு வடிவந்தான். தோட்டத்துச் சேனையும் மலையடிவாரத்துக் காட்டுக்கருணையும் தாவர சாஸ்திரிகளின் கணக்கில் ஒரே இனம். தலைமுறை தலைமுறையாக மனிதன் காறல் குறைந்த கிழங்கைத் தேர்ந்து தேர்ந்து நட்டதனால் தோட்டத்தது சாதுவாயிற்று. காட்டிலிருப்பது பழைய குணம் மாறாமல் இருக்கிறது. அதன் தண்டைத் தடவினால் சொரசொரவென்றிருக்கும். பச்சையாக நாக்கில் வைத்தால் தொண்டை வரையில் ஊசி குத்தும்.

ஊசி என்பது வெறும் உவமையன்று. கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்களாக, கட்டுக் கட்டாக அச்செடியின் உடல் முழுவதும் நிரம்பியிருக்கிறது. மெல்லுகிற மிருகத்தின் வாயில் அவை பாய்கின்றன. பியூனின் கையில் பாய்ந்தவையும் அவையே. ஆகவேதான் நம் வீடுகளில் கருணையை அரிசி கழுவிய நீரில் வேகவைப்பதும், புளி சேர்ப்பதும், நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் வழக்கமாயின. ரசாயன சாலை இல்லாத காலத்தில் அடுப்பங்கரையில் கண்டறிந்த உபாயங்கள் இவை. வங்காளத்திலும் இதையே கண்டிருக்கிறார்கள். அங்கே சேனைக்கு 'ஓல்' என்று பெயர். காட்டு ஓல் எப்படியோ அப்படியே அதற்கேற்ற புலிப் புளியும் என்று ஒரு பழமொழி அவர்களிடையே வழங்குகிறது. முரடனுக்கு முரடன் எதிர்ப்பட்டால் அதைச் சொல்வார்கள். புளியில் புலி என்றால் கடும் புளிப்பு.

காட்டுக்கருணை பஞ்ச காலத்தில் உயிர் காத்த கிழங்கு என்று தன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பதாக ஆச்சி சொன்னாள். தோண்டிய கிழங்கை உடனே சமைக்கலாகாது. பல நாள் நிழலில் போட்டு வைத்து, புளியில் வேகவைத்து நீரை இறுத்து, மறுபடியும் வேகவைக்க வேண்டும். பசித்தவன் அத்தனை நாள் பொறுத்திருப்பது எப்படி என்று கேட்டேன். "பொறுக்க மாட்டாதவன் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு உருளுவான்" என்றாள். இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரத்தில் தோண்டிச் சோதனை செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்குவம் தெரிந்த கைகள் இப்போது குறைவு.

இனி இச்செடி வாழும் முறையைச் சொல்லவேண்டும். என் அறியாமை முழுவதும் அங்கேதான் இருந்தது.

காட்டுக்கருணை வருஷத்துக்கு ஓர் இலைதான் விடும். ஓர் இலை என்றால் நம்ப முடியாது. ஆள் உயரத் தண்டும், அதன் உச்சியில் குடைபோல் விரிந்து நூறு துண்டாகக் கிழிந்த தழையும் ஒரு சிறு மரத்தைப் போலவே காட்சி தரும். தண்டு பச்சையும் வெளுப்புமாகப் புள்ளி விழுந்து பாம்பின் உடலை நினைவூட்டும். ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் அந்த ஒற்றை இலை வெயிலைக் குடித்து மாவாக்கிக் கிழங்கில் சேமித்து வைக்கிறது. மார்கழி, தை வாக்கில் இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிடுகிறது. மேலே ஒன்றும் இராது. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்குகிறது.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு தன்னையே செலவழித்துக் கரைந்துபோக, அதன் தலையில் புதுக் கிழங்கு ஒன்று உருவாகிறது. பழைய முதலைக் கொண்டு புதுப் பற்று எழுதி, பழைய கணக்கைக் கிழித்தெறியும் கெட்டிக்கார வியாபாரியைப் போல அது நடந்துகொள்கிறது. இப்படிச் சில ஆண்டுகள் சேமித்த பிறகே பூக்கும் சக்தி வருகிறது. வந்த ஆண்டில், கோடை மழையின் ஈரம் பட்டதும், இலைக்கு முன்பே பூ மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிறது.

நாம் பூ என்று சொல்லுவது உண்மையில் ஒரு பூவன்று. சுருக்கு வைத்த மடலுக்குள் நிற்கும் தண்டின் அடிப்பாகத்தில் நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் நெருங்கியிருக்கின்றன. அவற்றுக்கு மேல் அவ்வாறே நெருங்கிய ஆண் பூக்கள். அதற்கும் மேலேதான் ஈரல் நிற முண்டு. புல்லியும் அல்லியும் தேடினால் கிடைக்கமாட்டா. சேம்புக் குடும்பம் முழுவதற்கும் இந்த மடலும் கதிருமே அடையாளம். வீட்டுத் தோட்டத்துச் சேம்பு பூத்தால் இதே அமைப்பைச் சிறிய அளவில், மஞ்சள் நிறத்தில், அருவருப்பில்லாமல் காணலாம்.

முதல் நாள் மாலை மடல் விரிகிறது. பெண் பூக்கள் மட்டும் அன்று தயாராக இருக்கின்றன. முண்டு சூடேறுகிறது. ஆம், கையால் தொட்டறியக்கூடிய சூடு. சேம்புக் குடும்பத்துப் பூ ஒன்று சுடுவதை 1778-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி லமார்க் எழுதி வைத்தார். செடிக்குக் காய்ச்சல் வருமா என்று பலர் அதை நம்பவில்லை. அந்தச் சூட்டைக் கிளப்பும் பொருள் எது என்பது 1987-ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. இமயமலைச் சாரலிலும் வளரும் இக்குடும்பத்துச் செடியொன்றில் அதைக் கண்டார்கள். அது சாலிசிலிக் அமிலம். காய்ச்சலைத் தணிக்க நாம் விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய உறவு. மனிதனிடத்தில் சூட்டைத் தணிப்பதன் உறவுப் பொருள் பூவினிடத்தில் சூட்டைக் கிளப்புகிறது.

சூடு எதற்கு? அடுப்பின்மேல் வைத்த சாம்பிராணியைப்போல நாற்றம் ஆவியாகிப் பரவுவதற்கு. அழுகும் மாமிசத்திலிருந்து எழுவன போன்ற கந்தகச் சேர்மங்கள் காற்றில் ஏறித் தொலைவு செல்கின்றன. பிணந்தின்னும் வண்டுகளும் ஈக்களும் விருந்து கிடைத்ததென்று ஓடி வருகின்றன. வந்தால் விருந்து இல்லை, தேனும் இல்லை. ஆனாலும் மடலின் அடியில் கதகதப்பாக இரவு கழிகிறது. வேறெங்கோ இன்னொரு காட்டுக்கருணையில் தங்கிவிட்டு மகரந்தத்தோடு வந்த வண்டாயிருந்தால், அது ஊர்ந்த வழியில் பெண் பூக்கள் கருக்கொள்ளுகின்றன. மறுநாள் ஆண் பூக்கள் மகரந்தத்தை இழை இழையாகச் சொரிகின்றன. அதைப் பூசிக்கொண்டு வண்டுகள் வெளியேறுகின்றன. அதற்குள் நாற்றம் அடங்கிவிடுகிறது. ஆச்சி சொன்ன இரண்டு நாள் கணக்கு இதுவே.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மகரந்தம் உதிரும்போது அதே செடியின் பெண் பூக்களின் பருவம் கடந்துவிட்டது. தன் மகரந்தம் தனக்கு உதவாது. ஆகவே, ஒரு காட்டுக்கருணை காய்க்கவேண்டுமானால் வண்டு பறக்கும் தூரத்துக்குள் இன்னொரு காட்டுக்கருணை இருக்கவேண்டும். இருந்தால் மட்டும் போதாது. அதே வருஷத்தில் பூக்கவேண்டும். அதிலும், இதற்கு ஒரு நாள் முந்தி விரிந்திருக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் சேமித்த முதலையெல்லாம் ஓர் இரவில் பந்தயம் வைப்பது போன்ற காரியம். அந்தப் பந்தயத்தில் அச்செடிக்கு உள்ள ஒரே ஆயுதம், எவ்வளவு தூரம் கேட்கும்படி கூப்பிட முடியுமோ அவ்வளவு தூரம் கூப்பிடுவது. எங்கள் எட்டாம் வகுப்பின் ஜன்னலுக்குள் வந்தது அந்தக் கூப்பாடு. எலியைத் தேடினோம்.

நம்முடைய பழந்தமிழில் நாற்றம் என்ற சொல்லுக்கு மணம் என்றே பொருள். நறுமணத்தையும் அச்சொல்லால் பாடியிருக்கிறார்கள். பிற்காலத்தில்தான் அது கெட்ட வாடைக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்டது. வண்டின் அகராதியில் இன்னும் பழைய பொருளே இருக்கிறது போலும்.

காய் பிடித்தால் காட்சி முற்றிலும் மாறிவிடும். தரையோடிருந்த காம்பு நீண்டு நிமிர்கிறது. மடலும் முண்டும் உதிர்ந்துபோக, கதிரின் அடிப்பாகத்தில் பச்சை மணிகள் பருத்து, மஞ்சளாகி, பிறகு பவழச் சிவப்பாகின்றன. ஒரு சாண் நீளச் சிவப்புக் கதிர் குத்திட்டு நிற்பதைக் கண்டவர் எவரும், இதுவா அந்த நாறிய பொருள் என்று கேட்பார். பறவைகள் பழத்தைக் கொத்திக்கொண்டு போய் விதையை வேறெங்கோ இடுகின்றன. எங்கள் வேலியிலிருந்த கிழங்கும் ஒருகால் அப்படி வந்ததாயிருக்கலாம்; யாரும் நட்டதாகத் தெரியவில்லை.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். இதன் சாஸ்திரப் பெயரின் முற்பாதி கிரேக்கச் சொற்களால் ஆனது. அதன் பொருளைக் குடும்பங்களில் படிக்கும் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை. வகுப்பிலும் நான் சொல்வதில்லை. பிற்பாதி, இலை பியோனிச் செடியின் இலையை ஒத்தது என்று பொருள்படும். நம் நாட்டுச் செடிக்கு நாம் கண்டறியாத சீதள தேசத்துச் செடியின் சாயல் எப்படி வந்தது? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்களின் தலைவராயிருந்த வான் ரீட் என்பவர், மலையாள நாட்டுச் செடிகளையெல்லாம் படத்தோடு தொகுக்க முற்பட்டார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்ற அந்தப் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் 11-ஆம் தொகுதியில் நம் சேனை 'ஷேனா' என்ற மலையாளப் பெயரோடு படமாக இருக்கிறது. அந்நூலிலுள்ள செடிகளின் பெயரும் குணமும் வான் ரீடுக்கு எங்கிருந்து கிடைத்தன? இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தம் குடும்பத்து ஏடுகளைப் பார்த்துச் சொன்னார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அந்தணர்களும் உடனிருந்து உதவினார்கள். அச்சுதன் தம் கைப்பட எழுதிய சான்றுரை, 1675-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதியிட்டு, முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த மட்டில் வான் ரீடைப் பாராட்டவேண்டும்; அவர் கடனை மறைக்கவில்லை.

பிறகு 1818-இல் டென்ஸ்டெட் என்ற ஜெர்மானியர் அந்நூலுக்கு ஒரு திறவுகோல் எழுதினார். வான் ரீட் தந்த படத்தையும் குறிப்பையும் ஆதாரமாக வைத்துச் சேனைக்கு இலத்தீன் பெயர் சூட்டினார். அப்போதுதான் பியோனியின் சாயல் ஏறிற்று. அதையடுத்து ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைச் செடிகள் என்ற பெரும் படத்தொகுதி வேறொரு பெயரைப் பரப்பியது. நான் கல்லூரியில் படித்த பழைய புத்தகங்களில் அந்தப் பெயரே இருந்தது. 1977-இல் நிக்கல்சன் என்ற அமெரிக்கர், முந்திய பெயருக்கே முன்னுரிமை என்று டென்ஸ்டெட்டின் பெயரை மீட்டுக் கொடுத்தார். ஆக, இன்று உலகமெங்கும் இச்செடிக்கு வழங்கும் பெயரைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால் நாம் வந்து நிற்கும் இடம் அச்சுதன் வீட்டு ஏடு. அந்த லத்தீன் நூலை முழுவதும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்த்துத் தந்தவர் கேரளத்துப் பேராசிரியர் மணிலால். பல்லாண்டு உழைத்தார், ஆங்கில நூல் 2003-இல் வெளிவந்தது. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் அச்சுதன் பெயரை நான் கண்டதில்லை. இனிமேல் என் வகுப்பிலாவது சொல்வேன்.

சித்த வைத்தியத்தில் கருணைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கிழங்குகளுள் அதையே ஏற்கலாம் என்பார்கள். மூல நோய்க்குக் கருணை லேகியம் கிண்டித் தருவார்கள். வடமொழி வைத்திய நூல்களிலும் சூரணக் கிழங்குக்கு மூலத்தை அழிப்பது என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் கருணை என்ற பெயர் நம் ஜில்லாக்களில் ஊருக்கு ஊர் வேறு கிழங்கைக் குறிக்கிறது. பிடிகருணை ஒன்று, காறாக்கருணை ஒன்று, சேனையையே கருணை என்பார் சிலர். மருந்துக்கு எது என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தெளிவதே நல்லது.

குடும்பமும் விசித்திரமான குடும்பந்தான். வீட்டு மாடத்தில் பாட்டிலில் கொடி விடும் மணி பிளாண்ட், குளத்து ஆகாயத்தாமரை, வைத்தியக் கடையில் விற்கும் ஆனைத்திப்பிலி எல்லாம் இதைச் சேர்ந்தவை. பிள்ளை வளர்ப்பான் என்னும் வசம்பையும் முன்பு இதில் சேர்த்திருந்தார்கள். இப்போது தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். பதிலாக, குளத்தில் பச்சைப் பொடி தூவினாற்போல் மிதக்கும் வுல்ஃபியா என்ற நுண்செடியைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அதுவே பூக்கும் செடிகளுள் மிகச் சிறியது. எங்கள் காட்டுக்கருணையின் ஒன்றுவிட்ட சகோதரனோ சுமத்திராக் காடுகளில் இருக்கிறான். 1878-இல் பெக்காரி என்ற இத்தாலியர் அவனைக் கண்டார். பூ பத்தடி உயரம் எழும். லண்டன் கியூ தோட்டத்தில் 1889-இல் அது முதன்முதலாகப் பூத்தது. இன்றும் மேல்நாட்டுத் தோட்டமொன்றில் அது பூக்கப்போகிறதென்றால் ஜனங்கள் வரிசையில் நின்று, கட்டணம் கொடுத்து, அந்த நாற்றத்தை முகர்ந்துவிட்டு வருகிறார்கள். நாமோ வீட்டு வேலியில் இனாமாகக் கிடைத்ததை மண்வெட்டியால் வெட்டினோம்.

வெட்டியது பூவைத்தான், கிழங்கு மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்தது. சென்ற ஜூலையில் அதே செங்கற்குவியலிலிருந்து புள்ளித் தண்டு எழுந்தது. பிள்ளைகளில் ஒருவன் பாம்பு என்று அலறினான். அந்த ஒற்றைக் குடையைச் சுற்றி நாங்கள் கயிறு கட்டினோம். மாதம் ஒரு முறை உயரம் அளந்தோம். தை மாதம் அது சாய்ந்தபோது, கிழங்கு இருக்குமிடத்தில் ஒரு முளை அடித்து வைத்தோம்.

அதற்குள் என் கவலை வேறு திசையில் திரும்பியிருந்தது. துணை எங்கே? முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்த் தெருக்களின் பின்புறமெல்லாம் கிளுவையும் கள்ளியும் நொச்சியுமாக வேலிகள் இருந்தன. இப்போது கைப்பிடிச் சுவர்கள். வேலியோடு அதன் அடியில் வாழ்ந்தவையும் போயின. ஆச்சியைக் கேட்டேன். "அந்தக் காலத்துல எங்க பாத்தாலும் கெடக்கும். இப்ப வாய்க்கா மடைகிட்ட ஒண்ணு நிக்குது, ஐயா. வேற நான் பாக்கலை" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து வாய்க்கால் மடை இரண்டு பர்லாங்கு இருக்கும். வண்டுக்கு அது ஒரு தூரமன்று.

இவ்வாண்டு மே மாதக் கடைசியில் மழை பெய்தது. நாலைந்து நாளில் முளையின் அருகே மண் வெடித்து ஒரு மூக்குத் தெரிந்தது. இலையா பூவா என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். இலையின் மூக்கு மெலிந்து கூராயிருக்கும். பூவின் மூக்குப் பருத்திருக்கும். இது பருத்திருந்தது. அன்று மாலையே சைக்கிளில் மடைக்குப் போனேன். அங்கேயும் ஒரு மூக்கு, அதுவும் பருத்தது. ஆனால் அதற்கு இருபது கஜத்தில் ஒரு மண்வாரி இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. கரையைச் சீர்திருத்தும் வேலையாம். மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு கிழங்குக்காகவா, சார்?" என்று சிரித்தார். அவருடைய மகன் என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்தவன் என்பது பேச்சில் தெரிய வந்தது. அதற்குப் பிறகு சிரிப்புக் குறைந்தது. அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுக்கொடுத்து, பத்து நாள் தள்ளி வேலை செய்கிறோம் என்றார்.

நேற்று மாலை மடைப் பூ விரிந்துவிட்டது. ஆச்சிதான் வந்து சொன்னாள். நாற்றம் வயல் வரையில் அடித்ததாம். இன்று மாலை அதன் மகரந்தம் உதிரவேண்டும். எங்கள் வேலியிலுள்ளது காலையில் இறுக மூடியிருந்தது. மத்தியான்னம் பார்த்தபோது மடலின் ஓரம் நெகிழ்ந்து ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. விஞ்ஞான சாலையிலிருந்து இரண்டு உஷ்ணமானிகள் எடுத்து, ஒன்றை முண்டின்மேல் வைக்கவும் மற்றதை வேலியில் தொங்கவிடவும் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். அரைமணிக்கொரு முறை இரண்டையும் குறித்து வைக்கவேண்டும் என்று உத்தரவு. பெற்றோரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தவர்கள் ஏழு பேர். பியூனும் காவலுக்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சட்டைப் பையில் ஒரு புளி உருண்டை வைத்திருக்கிறார்.

இக்கட்டுரை தபாலில் சேரவேண்டிய நேரமாகிவிட்டது. ஜன்னல் வழியாக இலேசாக ஏதோ வரத் தொடங்கியிருக்கிறது.